போஜன் சார் இன்னர் கிளாஸ் எடுத்த வெள்ளிக்கிழமை

கம்ப்யூட்டர் லேபைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றப் போகிறார்களாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள், நீங்களும் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சுமதி வந்து உட்கார்ந்துவிட்டாள். இவள் அந்த லேபில் படித்த பிள்ளை, இப்போது அங்கேயே டீச்சர். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இவள் மடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துத் தட்டுகிறாள். என் பேச்சை எழுத்துத் தமிழாக்கிப் போடுவாளாம். போடு, ஆனால் ஆட்கள் பேசியதை மட்டும் பேசினபடியே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். போஜன் சார் பேச்சை எழுத்துத் தமிழாக்கினால் அதில் போஜன் சார் இருக்க மாட்டார்.

என் பெயர் பாக்கியம். குன்னூருக்கு மேலே இருக்கிற பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் அட்டெண்டராக இருந்து ரிட்டையர் ஆனவள். அதற்கு முன்னால் செய்த வேலைகளைச் சொன்னால் மலரில் இடம் போதாது. பிறந்தது சிலோன். நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் மேல் பகுதியை மேக்கணக்கு என்போம், எங்கள் லயம் அங்கேதான். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டின அறைகள், இங்கே எஸ்டேட்டில் லைன் என்பார்கள். அறைக்குக் காம்பரா என்று பேர். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அடுத்த காம்பராவில் தாத்தா இருமினால் இந்தப் பக்கம் என் அம்மா கொத்தமல்லி கொதிக்க வைப்பாள். வளர்ந்ததும் எனக்கு பேக்டரியில் தூள் சலிக்கும் வேலை கிடைத்தது. அப்புறம் இந்தியாவுக்குப் போங்கள் என்றார்கள். கப்பலேறி வந்தோம், மண்டபம் முகாமில் இருந்தோம், பந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இறக்கிவிட்டார்கள். கொழுந்து பறித்தேன், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் வந்தார்கள், குன்னூர் வந்தோம். பாலிடெக்னிக்கில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். எங்கள் மேக்கணக்கு லயத்தை இடித்துவிட்டு அங்கேயும் தேயிலை நட்டுவிட்டார்கள் என்று பிறகொரு நாள் ஒரு சொந்தக்காரர் வந்து சொன்னார். சரி, அது கிடக்கட்டும். சுமதி, வேகமாகச் சொல்கிறேனா? இல்லையாம். சரி.

லேபுக்குள் நான் வந்தது செருப்பால்தான். கம்ப்யூட்டர் புதிதாக வந்த நாட்கள் அவை. லேபுக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது என்று ஒரு போர்டு மாட்டியிருந்தார்கள். மழைக்காலத்தில் குன்னூர் மண் காலில் எப்படி ஒட்டும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த போர்டின் அருமை புரியும். பெருக்குகிறவர்கள் ஒவ்வொருவரும் மறந்துபோய் உள்ளே செருப்போடு போய்த் திட்டு வாங்கினார்கள். எனக்கு போர்டு படிக்கத் தெரியாது, ஆனால் நான் வாசலிலேயே கழற்றிவிட்டேன். தூள் சலிக்கும் அறையில் நின்ற கால் இது. ஈரக் காலோடு உள்ளே வந்தால் பேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் தோலை உரித்துவிடுவார். லேப் இன்சார்ஜ் போஜன் சார் இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மறு வாரமே என்னை லேபுக்குக் கேட்டு வாங்கிவிட்டார்.

போஜன் சார் படகர், கோத்தகிரிப் பக்கத்துக் கிராமம். முதல் பஸ்ஸில் வருவார். அவர் ஷூவைக் கழற்றுவதைப் பார்ப்பதே ஒரு காட்சி. முதலில் கைக்குட்டையால் இரண்டையும் துடைப்பார். கழற்றி, நாடாவை உள்ளே மடித்துவிட்டு, முனை வெளியே பார்க்கும்படி இரண்டையும் சேர்த்து வைப்பார். கண்ணாடி மாதிரி பளபளக்கும். சாக்பீஸைக் காகிதம் சுற்றித்தான் பிடிப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். வாக்கியத்துக்கு வாக்கியம் 'சரிங்களா' என்பார். பிள்ளைகள் வைத்த பேரே 'சரிங்களா சார்'. சுமதி இப்போது சிரிக்கிறாள். சிரிக்காதே, நீயும்தான் சொன்னாய்.

எங்கள் லேபில் ஒரே ஒரு பெரிய மெஷின். அதற்கு சர்வர் என்று பேர். மற்றதெல்லாம் பழைய சின்ன மெஷின்கள். சின்னதுகளுக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது, எல்லாம் பெரியதுக்குள்ளே இருக்கும், ஒயர் வழியாக வாங்கித்தான் இவை எழும்ப வேண்டும். காலையில் முதலில் பக்கத்துச் சின்ன அறையில் ஸ்டெபிலைசரைப் போட வேண்டும். அது முனகி நிற்கும்வரை பொறுத்து, சர்வரைப் போட வேண்டும். அது முழுதாக எழும்பின பிறகுதான் சின்னதுகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். முந்திப் போட்டால் திரையில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு நிற்கும், உள்ளே போகாது. சாயங்காலம் இதே வரிசை தலைகீழ்.

இதை நான் என் கணக்கில் வைத்துக்கொண்டேன். சர்வர்தான் கங்காணி. சின்னதெல்லாம் ஆட்கள். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பதைப் பெரட்டு என்போம். கங்காணி எழும்பி வராமல் பெரட்டு நடக்குமா? நான் 'கங்காணி எழும்பிருச்சு சார்' என்றால் போஜன் சாருக்குப் பிடிக்காது.

"அதுக்கு சர்வருன்னு பேருங்க பாக்கியம்மா. வர்ற ஆபீசருங்க முன்னால கங்காணி கிங்காணின்னுடாதீங்க, சரிங்களா?"

சரிங்க சார் என்பேன். மறுநாளும் கங்காணிதான்.

மிச்ச வேலைகளும் உண்டு. பிளாப்பி வைக்கும் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட வேண்டும், இல்லையென்றால் பனிமஞ்சு இறங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். வெறுங்காலோடு உட்கார்ந்தால் சிமெண்டுத் தரை எலும்பைக் கடிக்கும். நான் சாக்குப்பையை மடித்துத் தைத்து மேசைக்கடியில் போட்டேன். சாக்கில் தூசி வரும் என்று சார் தடுத்தார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அவர் காலடியிலும் ஒன்று கிடந்தது. ஆடி மாத மழையில் அவர் ஷூவை எடுத்துப் போய் ஸ்டெபிலைசர் பக்கத்தில் வைப்பேன். அது எப்போதும் சூடாக இருக்கும். சாயங்காலம் போட்டுக்கொள்ளும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

இப்போது அந்த வாரத்துக்கு வருகிறேன்.

போஜன் சார் காலமெல்லாம் நடத்தியது கோபால் என்கிற பழைய கம்ப்யூட்டர் பாஷை. பாடத்திட்டத்தை மாற்றி, இனி ஜாவா என்று வைத்துவிட்டார்கள். சாருக்கு ரிட்டையர்மெண்டுக்குக் கொஞ்ச வருஷம்தான் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து படித்தார், பஸ்ஸில் படித்தார், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார். சோறு ஆறிப் போகும்.

ஒரு திங்கட்கிழமை பிரின்சிபால் அம்மா லேபுக்கு வந்தார்கள். புதிதாக வந்தவர்கள், அவர்களும் கம்ப்யூட்டர் படித்தவர்கள்தான். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"வெள்ளிக்கிழமை நான் வந்து பின்னால உக்காரறேன் சார். இன்னர் கிளாஸ் எடுங்க. பசங்களுக்குப் புரிஞ்சா லேப் உங்களோடதுதான். முடியலன்னா சொல்லிடுங்க, தப்பில்லை. கோயம்புத்தூர்ல ஒருத்தர் வரத் தயாரா இருக்கார். நீங்க ஸ்டோர்ஸைப் பாத்துக்கலாம்."

ஸ்டோர்ஸ் என்றால் கீழே மாடிப்படிக்கடியில் உடைந்த நாற்காலிகள் கிடக்கும் அறை. சார் "சரிங்க மேடம்" என்றார். அவர்கள் போன பிறகு சாக்பீஸில் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தார், சுற்றினார், பிரித்தார், சுற்றினார்.

இன்னர் கிளாஸ் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன். தப்பிருந்தால் சுமதி திருத்திக்கொள்ளட்டும். கிளாஸ் என்பது வீட்டுக்கு வரைகிற பிளான் மாதிரி. பிளானை வைத்து நிஜமாகக் கட்டுகிற வீடு ஆப்ஜெக்ட். ஒரு பிளானுக்குள்ளேயே இன்னொரு சின்ன பிளானையும் வரைந்து வைத்தால், அந்தச் சின்னதுதான் இன்னர் கிளாஸ். புத்தகத்தில் ஒரு எடுத்துக்காட்டு இருந்ததாம். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. பிளான்களை மட்டும் அச்சடித்துவிட்டு, உள்ளே இருப்பதை உண்டாக்கி அதைப் பேச வையுங்கள் என்று படிக்கிறவர்களிடம் விட்டுவிட்டார்கள். அங்கேதான் சார் மாட்டிக்கொண்டார்.

செவ்வாய் முழுக்கத் தட்டினார். மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒரே வரியைத் துப்பியது. புதன்கிழமை பிள்ளைகள் போன பிறகு பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் திரையைக் காட்டினார்.

"இது என்ன சொல்லுது தெரியுங்களா பாக்கியம்மா? உள்ள இருக்கறத உண்டாக்கோணும்னா அதச் சுத்தி ஒன்னு இருக்கோணும்ங்குது."

"அப்ப சுத்தி ஒன்ன வச்சிருங்க சார்."

"வெச்சுத்தானுங்க இருக்கறேன்! இங்க பாருங்க. இந்த பிராக்கெட்டு இங்க தொறக்குது, இந்தா இங்க மூடுது. அது நடுவுலதான் உள்ளது இருக்குது. இதுக்குக் கண்ணு இல்லீங்களா?"

"மெஷினுக்கு ஏது சார் கண்ணு?"

"நீங்க வேற." தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். "கோபாலுல இந்த வம்பே கெடையாதுங்க. சொன்னதக் கேக்கும். இது வக்கீலாட்டம் பேசுது."

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கும் கோபம் இல்லை. பயம். கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார், கீபோர்டைத் துடைத்தார், அப்புறம் சும்மா கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஸ்டோர்ஸுல ஜன்னலு இல்லீங்களே" என்றார் தனக்குத்தானே. நான் பிளாஸ்க்கைக் கழுவப் போய்விட்டேன்.

கழுவிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. மழைக்கு எங்கேயோ மரம் ஒயர் மேல் சாய்ந்திருக்கும், எங்கள் மலையில் அது வாரத்துக்கொரு தரம் நடக்கும். யுபிஎஸ் பாட்டரி கிழடு, கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு அதுவும் அடங்கியது. எல்லாம் இருட்டு. சார் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

கரண்ட் வந்தது. ஸ்டெபிலைசரைப் போட்டேன். லேபுக்குள் வந்தேன். அப்போது சார் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மனசு சங்கடப்படுகிறவருக்கு முதலில் சாப்பாட்டுத் தட்டு வைப்போம் இல்லையா, அது மாதிரி, பாவம், இவர் மெஷினை முதலில் போட்டுவிடுவோம் என்று நேரே போய் அதைப் போட்டுவிட்டேன். சர்வரை மறந்தே போனேன்! பெரட்டுக்குக் கங்காணியை எழுப்பாமல் ஆளை எழுப்பிவிட்டேன். திரையில் ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, இன்னொன்று.

சார் கொஞ்ச நேரம் புள்ளிகளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க பாக்கியம்மா, நீங்களுமா? ஒயரு சொருவியிருந்தாப் போதுங்களா? ஒயருல கட்டியிருக்குதுன்னா இது தானா எந்திரிச்சுருமா? உங்க கங்காணி இன்னும் எந்திரிக்கவே இல்லை. மொதல்ல அது உசுரோட எந்திரிச்சு நிக்கோணும், அப்பத்தான் இதுக்கு..."

நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. நான் பயந்து போனேன். அவர் வாயிலிருந்து கங்காணி என்ற வார்த்தை வந்ததே அன்றைக்குத்தான் முதல் தடவை.

"சார்? தண்ணி தரட்டுங்களா?"

"கட்டவே இல்லீங்க" என்றார்.

"என்னத்த சார்?"

"வீட்ட. பிளானுக்குள்ள பிளானு வரைஞ்சுட்டு, உள் ரூம்பத் தொறன்னு கேட்டுட்டு இருந்திருக்கறேன். ஒரு வீடு கூட நான் கட்டலீங்க பாக்கியம்மா! பிராக்கெட்டுக்குள்ள எழுதினாப் போதுங்களா? ஒயரு இருந்தாப் போதுங்களா?" என்னிடம் கேட்கிறாரா, தன்னிடமா, தெரியவில்லை. "சர்வரப் போடுங்க. போடுங்க, போடுங்க."

போட்டேன். அது எழும்புகிறவரை அவருக்குப் பொறுக்கவில்லை. போர்டில் போய் எழுதினார். எழுதுவதை வாயாலும் சொன்னார். முதலில் வெளியே இருப்பதை நிஜமாக ஒன்று உண்டாக்கி அதற்கு ஒரு பேர் வைக்க வேண்டுமாம். அப்புறம் அந்தப் பேரைச் சொல்லி, ஒரு புள்ளி வைத்து, அதற்குப் பின்னால்தான் உள்ளே இருப்பதைக் கேட்க வேண்டுமாம். சர்வர் எழும்பியது, அவர் மெஷின் எழும்பியது. தட்டினார். மெஷின் வாதாடாமல் சொன்னதைச் செய்தது. போஜன் சார் அதைப் பார்த்து, சத்தமில்லாமல், "சரிங்களா?" என்றார். மெஷினைப் பார்த்து!

வியாழக்கிழமை காலையில் ஷூவைக் கழற்றும்போதே கேட்டார்.

"சிலோன்ல உங்க ஊடு இருந்துச்சே, அதுக்கு என்னமோ பேரு சொல்லுவீங்களே?"

"லயம் சார். ஒரு லயத்துல பல காம்பரா."

"காம்பரா தனியா இருக்குங்களா? லயம் இல்லாம?"

"அது எப்படி சார்? கூரையும் செவுரும் லயத்தோடதுதானே?"

"அதுதானுங்க வேணும்." சின்னப் பையன் மாதிரி சிரித்தார். "புத்தகத்துல வெளியே, உள்ளேன்னு வறட்டுப் பேரா வெச்சிருக்கறாங்க. நம்ம கிளாசுல பாதிப் பசங்க எஸ்டேட்டு லைன்ல இருந்து வர்றவங்க. லயம்னே வெச்சுப் போடறேன்."

வெள்ளிக்கிழமை கிளாஸ் நேரத்துக்குத் தொடங்கவில்லை. கீழே வாசலில் ஒரு காட்டெருமை வந்து நின்றுகொண்டது. குன்னூரில் இது ஒரு பெரிய விஷயமில்லை. அது நிற்கும், நாம் நிற்போம், அது போனால் நாம் போவோம். பிரின்சிபால் அம்மா காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்கள். செருப்பைக் கழற்றி, சாக்கு போட்ட இடமாகப் பார்த்துப் பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் சுவிட்சுகளின் பக்கத்தில் நின்றேன். அதுதான் என் இடம். கும்பிட்டுக்கொண்டேன், கரண்ட் போகக் கூடாது என்று.

சார் லயம் என்ற பிளானை வரைந்தார். அதற்குள் காம்பரா. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "சார், எங்க லைனுக்கு ஓடு மாத்தித் தரச் சொல்லுங்க சார்" என்று ஒருத்தன் கத்தினான். சார் சிரிக்கவில்லை. முதலில் வேண்டுமென்றே தப்பாகப் போட்டார். லயம் கட்டாமல் காம்பராவைக் கேட்டார். மெஷின் திட்டியது. பிறகு லயம் கட்டினார், பேர் வைத்தார், புள்ளி வைத்தார், காம்பராவைக் கேட்டார். நீ எந்த லயத்துக் காம்பரா என்று அது தன் லயத்திடமே கேட்டுச் சொல்லும்படி பேச வைத்தார். திரையில் ஒரு வரி வந்தது. சுமதியைத்தான் வாசிக்கச் சொன்னார். இவள் எழுந்து நின்று வாசித்தாள், "நான் மேக்கணக்கு லயத்துக் காம்பரா."

அந்தப் பேரை அங்கே வைப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

முடிந்தது என்று மூச்சு விட்டேன். பிரின்சிபால் அம்மா கையைத் தூக்கினார்கள்.

"நல்லா இருக்கு சார். ஒரு கேள்வி. அந்த லயத்துக்கு ஒரு பேர் வெச்சிருக்கீங்களே, அந்தப் பேரை அழிச்சிட்டீங்கன்னா, அதாவது உங்க கையில இப்ப லயமே இல்லை. அப்போ அந்தக் காம்பரா என்ன சொல்லும்?"

சார் திரையைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். சாக்பீஸின் காகிதத்தைப் பிரித்தார். எனக்கு மாடிப்படிக்கடியில் அந்த ஜன்னலில்லாத அறைதான் கண்ணில் வந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் சார், தப்பாக இருந்தாலும் சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"தெரியலீங்க மேடம்" என்றார் சார். அப்புறம் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "எனக்குத் தெரியலை. போட்டே பாத்துரலாம், சரிங்களா?" என்றார்.

உட்கார்ந்தார். லயத்தின் பேருக்கு எதிரே ஒன்றுமில்லை என்று எழுதினார். அதற்குக் கீழே, காம்பராவை மறுபடியும் பேசச் சொன்னார். தட்டினார்.

திரையில் இரண்டு வரி வந்தன. மேலே இருப்பது லயம் இருந்தபோது காம்பரா சொன்னது. கீழே இருப்பது லயம் போன பிறகு சொன்னது. எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே. ஆனால் மேலே இருக்கிற கோலமும் கீழே இருக்கிற கோலமும் ஒன்றா வேறா என்று பார்க்கக் கண் போதும். அச்சாக ஒன்று. சுமதி வாசிக்க வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. அடக்க முடியவில்லை, கண்ணிலிருந்து தண்ணீரும் கொட்டுகிறது.

எல்லோரும் திரும்பினார்கள். "என்ன பாக்கியம்மா?" என்றார்கள் பிரின்சிபால் அம்மா.

"ரெண்டும் ஒன்னா இருக்குதுங்க மேடம். லயம் இல்லாட்டியும் அது மேக்கணக்குன்னுதான் சொல்லுது."

"ஆமா" என்றார்கள். எழுந்து முன்னால் வந்து போர்டில் ஒரு கோடு போட்டுக் காட்டினார்கள். "நீங்க பேரை அழிக்கலாம். காம்பரா உள்ளுக்குள்ள தன் லயத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு. அது பிடிச்சிருக்கிற வரைக்கும் லயம் எங்கயும் போகாது." அப்புறம் சாரிடம், "தெரிஞ்ச மாதிரி ஒரு பதிலைச் சொல்லியிருந்தீங்கன்னா கோயம்புத்தூருக்குப் போன் பண்ணியிருப்பேன். தெரியலன்னு பசங்க முன்னாடி சொல்லிட்டுப் போட்டுப் பாத்தீங்களே, எனக்கு அது போதும். லேப் உங்களோடது சார்" என்றார்கள்.

அதற்கப்புறம் ரிட்டையர் ஆகிறவரை போஜன் சார்தான் ஜாவா எடுத்தார். சுமதி இன்றைக்கும் இன்னர் கிளாஸுக்கு லயமும் காம்பராவும்தான் போடுகிறாளாம்.

அன்று சாயங்காலம் வழக்கம் போல ஆட்களை முதலில் படுக்க வைத்து, கடைசியாகக் கங்காணியைப் படுக்க வைத்தேன். சார் முன்னாலேயே கிளம்பியிருந்தார். ஸ்டெபிலைசரை அணைக்கச் சின்ன அறைக்குப் போனால், அங்கே காலையில் நான் காய வைத்த அவர் ஷூ. முனை வெளியே பார்த்தபடி, நாடா உள்ளே மடித்து, இரண்டும் சேர்த்து. ஷூவுக்காக ஊரே சிரிக்கிற மனுஷன் வெறும் சாக்ஸோடு மழையில் இறங்கிப் போயிருக்கிறார்!

இரண்டையும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். வாசலுக்கு வெளியே ரோட்டில் அதே காட்டெருமை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் குடையோடு போஜன் சார்.

"சார்! சப்பாத்து!"

குனிந்து காலைப் பார்த்தார். "அட!" என்றார். "நில்லுங்க, வராதீங்க, அது போகட்டும்!"

நின்றோம். அது அவசரமே இல்லாமல் புல்லைத் தேடிக்கொண்டிருந்தது. கோத்தகிரி பஸ் வந்தது, போனது. சார் ஏறவில்லை.

"பாக்கியம்மா!" காட்டெருமைக்கு மேலாகக் கத்தினார். போஜன் சார் கத்தி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். "அந்தக் காம்பரா விடவே இல்லை பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்!"

ரொம்ப நேரம் கழித்துத்தான் அது நகர்ந்தது. நான் ரோட்டைக் கடந்து போய்க் கொடுத்தேன். சார் ஈரச் சாக்ஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, ஷூவுக்குள் வெறுங்காலை நுழைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அத்தனை மழையிலும் அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.